குறுக்குத் தெருவில் டொலர் விழுந்த விதம்

முத்தலிப்புக்கு யாராவது ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டால், அதன் விலை என்ன என்று அன்றைக்கு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். மாம்பழம் கொடுத்தால் வெட்டிப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். புத்தி சொன்னால், சொன்னவன் எதை விற்க வந்தான் என்று யோசிப்பார். முப்பது வருடமாகக் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற மனிதர். திருகோணமலையில், சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களில் ஏறி, கத்தரிக்காயும் கோழியும் செவ்விளநீரும் விற்பார். எந்த நாட்டுச் சமையற்காரன் வந்தாலும் பாஷை தேவையில்லை, விரலும் புருவமும் போதும். விலையைக் கேட்டுச் சிரிக்கிறவன் ஏமாற்றப் போகிறான், கோபிக்கிறவன் வாங்கப் போகிறான் என்பது அவருடைய கணக்கு. காசு டொலராகக் கைக்கு வரும்.

இரண்டாயிரமாம் ஆண்டு கார்த்திகை மாதக் கடைசி, நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, கொட்டுகிற மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு இரத்தினசிங்கம் முத்தலிப்பின் பலசரக்குக் கடைக்கு வந்தார். பாலையூற்றுக்காரர். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. தாங்கிகளில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தபடியால், வேலை நேரத்தில் முக்கால்வாசி லண்டன் வானொலிக்குப் போகும். பன்னிரண்டு வருடமாகக் கடைக்கு வந்து பருப்பும் சீனியும் வாங்குகிறவர். ஒருநாளும் கடன் கேட்டதில்லை. அதுவே முத்தலிப்புக்கு அவர்மேல் இருந்த முதல் சந்தேகம்.

"முதலாளி, ஒரு கதை கேள்விப்பட்டனான். உங்களுக்குச் சொல்லவேணும் எண்டுதான் இந்த மழைக்குள்ள வந்தனான்" என்றார் இரத்தினசிங்கம்.

"சொல்லுங்க ஐயா. பருப்பு விலை ஏறுதாமா?"

"ஈராக்காரன் இனி எண்ணெய்க்கு டொலர் வேண்டாம் எண்டிட்டான். யூரோதான் தரவேணுமாம். இந்த மாதம் துவங்கிட்டான்."

"வேண்டாமெண்டா அவனுக்குத்தானே நட்டம்."

"அங்கதான் விசயம் இருக்கு, பாருங்கோ. எண்ணெய் வாங்காத நாடு இருக்கோ? இல்லை. எண்ணெய் வாங்க என்ன காசு வேணும்? டொலர். அப்ப அமெரிக்காவோட ஒரு சோலியும் இல்லாத நாடும் டொலரை வாங்கிப் பெட்டிக்குள்ள வச்சிருக்குது. உலகம் முழுக்க அதுக்குக் கிராக்கி. நாளைக்கு மற்ற எண்ணெய்க்காரரும் இவனைப் பாத்து, 'எங்களுக்கும் வேற காசு தா' எண்டால், பெட்டிக்குள்ள இருக்கிற டொலரை எல்லாரும் வெளியில எடுத்து விப்பாங்கள். பிறகு அதுக்கு என்ன விலை?"

முத்தலிப் கொஞ்சம் யோசித்தார். "ஏழைகளுக்கு அரசாங்கம் குடுக்கிற மண்ணெண்ணெய் முத்திரை மாதிரி எண்டுறீங்க."

"அதேதான். கடைக்காரன் முத்திரையை எடுக்குமட்டும் அது காசு. எடுக்கமாட்டன் எண்டால் அடுப்பு மூட்டத்தான் உதவும்."

"அப்ப நான் என்ன செய்யவேணும் எண்டுறீங்க?"

எந்தப் பேரத்திலும் முத்தலிப் காத்திருக்கிற இடம் இது. வந்தவன் மூட்டையை அவிழ்க்கிற இடம்.

"டொலர் கிலர் வச்சிருந்தால், பாதியை வேற காசாக்கி வையுங்கோ. யூரோத் தாள் இன்னும் அடிக்கேல்லை, இன்னும் ஒரு வருசம் போகவேணுமாம். அதுவரைக்கும் ஜேர்மன் மார்க் வச்சிருந்தால் போதும், பிறகு அதைக் குடுத்து யூரோ எடுக்கலாம்."

ஆக, மூட்டைக்குள் இருந்தது மார்க். இரத்தினசிங்கத்தின் தங்கை குணேஸ்வரி ஜேர்மனியில் இருப்பது முத்தலிப்புக்குத் தெரியும். இனி விலை சொல்லுவார் என்று அவர் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இரத்தினசிங்கம் தேத்தண்ணியைக் குடித்தார். இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பருப்புக்குக் காசைக் கொடுத்தார். தலையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

அதுதான் முத்தலிப்பை உலுக்கியது. விற்க வந்தவன் விலை சொல்லாமல் போகிறான் என்றால், அவன் விற்கப்போவது சின்னச் சரக்கல்ல.

அவருடைய கையில் மூவாயிரத்து இருநூறு டொலர் இருந்தது. உள்ளறை அலுமாரிக்குப் பின்னால் எந்தக் கல்லுக்குள் என்பது அவருக்கும் மனைவி றுக்கியாவுக்கும் மட்டும் தெரியும். சோதனைச்சாவடியில் டொலரோடு பிடிபட்டால் யார் தந்தது, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று விடியும்வரை கேட்கிற காலம். அந்தக் காசு மகள் லைலாவின் வீடு. கிண்ணியாவில் நெல் வியாபாரம் செய்கிற கலீலுர் றஹ்மான் ஹாஜியாரின் மகனுக்கு லைலாவைப் பேசி முடித்தபோது, மூன்று அறை, ஓட்டுக் கூரை, கிணறு என்று முத்தலிப் வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர் வீடு கட்டிக் கொடுக்க, மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். வீடில்லையென்றால் கல்யாணமும் இல்லை. ஜமாலியாவில் வாங்கிய வளவில் இரண்டு அறைக்குச் சுவர் எழும்பிவிட்டது. மிச்சம் ஓர் அறையும் கூரையும். ஹஜ்ஜுப் பெருநாள் கழியக் கல்யாணம். டொலர் மாதத்துக்கு மாதம் ஏறுவதால், கடைசி நேரத்தில் மாற்றலாம் என்று அவர் பொத்தி வைத்திருந்தார். இப்போது இந்த மனிதர் வந்து அது விழும் என்கிறார், அதுவும் சும்மா.

நோன்பு மூன்றாம் நாள் முத்தலிப் குறுக்குத் தெருவுக்குப் போனார். அங்கே தாஹிர் முன்பக்கம் குடையும் சூட்கேஸும் விற்று, பின்பக்கம் காசு மாற்றுகிறவன், முத்தலிப்பை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன். அந்தத் தெருவில் யாரும் தன் எண்ணத்தைச் சொல்லி விலை கேட்பதில்லை. விற்க இருக்கிறவன் வாங்குகிறவன் மாதிரிப் போவான், வாங்க இருக்கிறவன் விற்கிறவன் மாதிரிப் போவான். எதிரில் இருப்பவனுக்கும் அது தெரியும், அவனும் தலைகீழாகவே பதில் சொல்லுவான். இரண்டு கிளாஸ் தேத்தண்ணிக்குள் உண்மை விலை தானாக வெளியே வரும். ஆனால் நோன்பு காலத்தில் தேத்தண்ணி இல்லை. வாங்குகிறவன் மாதிரிப் போனால் விற்கவேண்டிய அவசரம் என்று பிடித்துவிடுவான், விற்கிறவன் மாதிரிப் போனாலும் ஏதாவது பிடிப்பான் என்று வழிநெடுக யோசித்த முத்தலிப், அந்தத் தெருவில் அதுவரை யாரும் செய்யாத தந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். உள்ளதை உள்ளபடி சொல்லுவது.

"தாஹிர், நான் வாங்கவும் வரல்ல, விக்கவும் வரல்ல. டொலர் விழும் எண்டு ஒரு கதை அடிபடுது. எண்ணெய்க்காரன் வேற காசு கேக்கிறானாம். உண்மையா பொய்யா எண்டு மட்டும் சொல்லு."

குடை ஒன்றை விரித்துக்கொண்டிருந்த தாஹிரின் கை பாதியில் நின்றது.

"ஆரு சொன்ன காக்கா? கப்பல்லயா?"

"கப்பல்ல ஒருத்தனும் சொல்லல்ல."

"சரி, சொல்லல்ல." தாஹிர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எண்பத்திநாலுக்குப் போகுது. உங்களுக்கெண்டபடியா எண்பத்திமூண்டரைக்கு எடுப்பன்."

"விக்க வரல்ல எண்டேனே."

"எண்பத்திநாலு."

"தாஹிர்."

"எண்பத்திநாலேகால். நோன்பு புடிச்சிருக்கிறன் காக்கா, இதுக்கு மேல பேரம் பேச வாயில தண்ணி இல்ல."

முத்தலிப் எழுந்து வந்துவிட்டார். தாஹிருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனபடியால் கதை பொய் என்று பாதி மனதும், தாஹிர் விலையை ஏற்றினானே, ஆனபடியால் ஏதோ இருக்கிறது என்று மற்றப் பாதி மனதும் சொன்னது.

ஐந்து நாள் கழித்து ஹாஜியார் கிண்ணியாத் துறையில் படகேறி வந்து இறங்கினார். கட்டுகிற வீட்டைப் பார்க்க வந்ததாகச் சொன்னாலும், கடையில் வந்து கதிரையில் உட்கார்ந்தவர் வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"முத்தலிப், நீங்க டொலர் ஏதும் வச்சிருக்கீங்களா?"

"ஏன் ஹாஜியார்?"

"வச்சிருந்தா உடன வித்துருங்க. எண்பத்திநாலுக்குப் போனது இண்டைக்கு எழுபத்தாறு. உலகத்தில இனி எண்ணெய்க்கு டொலர எடுக்கமாட்டாங்களாம். பெரிய மகன் கட்டாரில இருந்து அனுப்பினது ரெண்டாயிரம் என்னட்ட இருந்துச்சு, நேத்து தாஹிர்ட குடுத்துட்டன். நட்டம்தான், என்ன செய்ற. முழுக்கப் போறதவிட இது பரவாயில்ல."

"இந்தக் கதைய உங்களுக்கு ஆரு சொன்ன?"

"கிண்ணியா முழுக்க இதான் கதை. கப்பல்ல ஏறி இறங்குற ஒரு பெரிய ஆள், வெளிநாட்டுக் கப்டன்மாரோட நேர பழக்கம் உள்ளவராம். அவரு தன்ட டொலர் எல்லாத்தையும் ஓசைப்படாம வித்துட்டாராம்."

முத்தலிப் கல்லாப் பெட்டியை மூடினார். இரத்தினசிங்கம் சொன்னது உண்மைதான். கப்பலோடு சம்பந்தப்பட்ட பெரிய மனிதர் ஒருவரே விற்றுவிட்டார் என்றால் வேறு சாட்சி எதற்கு? கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

றுக்கியா குசினியில் நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கஞ்சியைத் துழாவினாள்.

"ஹாஜியாருக்குச் சொன்னது கிண்ணியா ஆக்கள். அவங்களுக்கு ஆரு சொன்ன?"

"தாஹிர்ட கடைக்கு வந்து போறவங்க."

"தாஹிருக்கு?"

"அந்தக் கப்பல் ஏறுற பெரிய ஆள்."

"திருகோணமலையில கப்பல் ஏறுறது எத்தின பேர்? ஒராள் நீங்க. மற்ற ஆள் நந்தசேன, அவரு வாதத்தில படுத்து ஆறு மாசம்." அகப்பையைத் தட்டி வைத்தாள். "தாஹிர்ட போய் என்ன சொன்னீங்க?"

"வாங்கவும் வரல்ல, விக்கவும் வரல்ல எண்டு உள்ளதச் சொன்னன்."

"உள்ளதச் சொன்னீங்களா? முப்பது வருசம் யாவாரம் செஞ்ச மனிசன், அந்தத் தெருவில போய்?"

அப்போதுதான் முத்தலிப்புக்கு விளங்கியது. தாஹிர் அவர் சொன்னதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருக்கிறான். விற்க வரவில்லை என்றால் ஏற்கெனவே வேறெங்கோ விற்றாயிற்று, கப்பலில் சொல்லவில்லை என்றால் கப்பலில்தான் சொன்னார்கள். தெரு டொலரை வெளியே எடுத்தது, தெருவைப் பார்த்துத் துறை எடுத்தது, துறையைப் பார்த்துக் கிண்ணியா எடுத்தது. ஈராக் ஒரு மாதமாகச் செய்யமுடியாததை, முத்தலிப் ஒரு கேள்வியால் ஐந்து நாளில் செய்து முடித்திருந்தார். கடைசியில் அந்தக் கதை படகேறித் தன் வீட்டுக்கே திரும்பி வந்தபோது, அவரும் அதை நம்பிப் பயந்துவிட்டார்.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் மினுங்கியது. "அப்ப இது வெறும் வாய்க்கதை, றுக்கியா. எழுபத்தாறுக்கு வாங்கி வச்சா ஒரு மாசத்தில..."

"வாங்கிப் பாருங்க. வேணுமெண்டே கதை கட்டி விழுத்திட்டு வாங்குறான் எண்டு ஊர் சொல்லும். உங்கட சம்பந்தி வித்த ரெண்டாயிரமும் அதுக்குள்ள இருக்கு."

ஊர் சொல்ல அவகாசம் எடுக்கவில்லை. அடுத்த நாள் மத்தியான லுஹர் தொழுகை முடிந்து ஹாஜியார் மறுபடியும் கடைக்கு வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"அந்தக் கப்பல் ஏறுற ஆள் நீங்களாம்."

"ஹாஜியார், நான் விக்கவுமில்ல, வித்தன் எண்டு சொல்லவுமில்ல."

"விக்கல்ல. அப்ப உங்கட டொலர் வீட்டதான் இருக்கு."

"ஓம்."

"எங்க எல்லாரையும் விக்க வச்சீங்க, உங்கட காசு வீட்ட இருக்கு. தாஹிர் எழுபத்தாறுக்கு அள்ளுறான். உங்க ரெண்டு பேருக்கும் எத்தினைக்கு எத்தின பங்கு?" ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். "இப்பிடிப்பட்ட வீட்டுக்கு மகன அனுப்புறதெண்டா நான் கொஞ்சம் யோசிக்கவேணும், முத்தலிப்."

முத்தலிப் கணக்குப் போட்டார். கதையை விளக்கினால், இவ்வளவு நீளமான விளக்கம் பொய்யனுக்குத்தான் தேவை என்பார். டொலரைக் கொண்டுவந்து காட்டினால், பதுக்கியதைக் கண்ணால் கண்டேன் என்பார். தான் ஹாஜியாரின் இடத்தில் இருந்தால் எதை நம்புவேன் என்று முத்தலிப் யோசித்துப் பார்த்தார். ஒன்றே ஒன்றைத்தான் நம்புவார். நட்டத்தை.

"நாளைக்குப் பின்னேரம் அஸருக்குப் பிறகு தாஹிர்ட கடைக்கு வாங்க ஹாஜியார். உங்கட கண்ணுக்கு முன்னால அவ்வளவையும் விக்கிறன். அண்டைக்கு என்ன விலையோ அந்த விலைக்கு."

வீட்டில் சொன்னபோது றுக்கியா விரல்விட்டு எண்ணினாள். "ஒரு அறை போகும்" என்றாள். பிறகு, "போகட்டும். மாப்பிள்ள போனா இந்தக் காசில எத்தின அறை கட்டி என்ன?" என்றாள்.

அடுத்த நாள் விலை எழுபத்திநாலு. தாஹிர் முத்தலிப்பின் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். இந்த மனிதர் எல்லாவற்றையும் விற்றுவிட்டார் என்று ஒரு கிழமையாக ஊருக்குச் சொல்லிவந்தவன், அதே மனிதர் இப்போது விற்க வந்திருப்பதைக் கண்டு குழம்பிப் போயிருந்தான். "இது ரெண்டாவது தொகையா காக்கா?" என்று காதுக்குள் கேட்டான். ஹாஜியார் சூட்கேஸ்களுக்கு நடுவில் ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்து, கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாஹிர் ரூபாக் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இரத்தினசிங்கம் நனைந்த சேட்டோடு உள்ளே வந்தார். முத்தலிப்பைக் கண்டதும் ஓர் அடி பின்வாங்கினார்.

"தம்பி தாஹிர், டொலர் இருக்கோ? மார்க் கொண்டுவந்தனான்."

தாஹிர் கட்டு எண்ணுவதை நிறுத்தினான்.

"ஐயா" என்றார் முத்தலிப் மெதுவாக, "டொலர் விழும் எண்டு சொன்னது நீங்கதானே?"

"ஓம் முதலாளி. விழும்."

"விழுற சாமான என்னத்துக்கு வாங்குறீங்க?"

"அது விழ நாலைஞ்சு வருசம் எடுக்கும். என்ர மூத்தவன் தைக்கு முதல் நாட்டை விட்டு வெளிக்கிட வேணும். ரெண்டு தரம் ஆமி வீட்டை வந்து கேட்டிட்டுது. கொழும்பு ஏஜெண்ட் மார்க் எடுக்கமாட்டானாம், டொலர்தான் வேணுமாம்." இரத்தினசிங்கம் தோளைக் குலுக்கினார். "ஆள் கடத்திறவனும் எண்ணெய் விக்கிறவனும் ஒண்டுதான். அவன் எதைக் கேக்கிறானோ அதுதான் காசு."

"அப்ப அண்டைக்கு என்னட்ட வந்து அந்தக் கதைய ஏன் சொன்னீங்க?"

"உங்களிட்ட டொலர் இருக்கும், என்னட்ட மார்க் இருக்கு, ரெண்டு பேருக்கும் நல்லது, மாத்துவமோ எண்டு கேக்கத்தான் வந்தனான். கதையைச் சொல்லி முடிச்சாப் பிறகு யோசிச்சன், இப்ப கேட்டால் அதுக்காகத்தான் இவ்வளவும் சொன்னவன் எண்டு நினைப்பீங்கள். வெக்கமாப் போச்சு. பருப்பை வாங்கிக்கொண்டு போயிட்டன்."

முத்தலிப் அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அன்றைக்கே கேட்டிருந்தால் எண்பத்திநாலுக்கு மாற்றியிருப்பார். கேட்காமல் போனதால் விலை விழுந்து, இப்போது அதே டொலரை இந்த மனிதர் மலிவாக வாங்கப்போகிறார். மொத்தத்தையும் முதலிலேயே கணக்குப் போட்டு, கதை எந்தச் சந்தால் போய் எங்கே திரும்பும் என்று தெரிந்து செய்தவரா? அல்லது மெய்யாகவே வெட்கப்பட்டவரா? பொய்யை முத்தலிப் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லுவார். வெட்கம் முப்பது வருடத்தில் அவருடைய தராசுக்கு வராத சரக்கு. உரைத்துப் பார்க்க அவரிடம் கல்லில்லை.

தாஹிர் ஒரு கையால் முத்தலிப்பிடம் வாங்கியதை, மற்றக் கையால் இரத்தினசிங்கத்திடம் டொலருக்கு இரண்டு ரூபா லாபம் வைத்துக் கொடுத்தான். மீதியைப் பெட்டியில் போட்டான். ஹாஜியார் எழுந்து சாரத்தை இழுத்துக் கட்டினார். "சரி முத்தலிப். வீட்டு வேலையப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துறைக்கு நடந்தார்.

பத்து ரூபாப்படி முப்பத்தீராயிரம் போயிற்று. றுக்கியா சொன்னபடி, மூன்றாவது அறையும் அதனோடு போயிற்று. தை மாதக் கடைசியில் அரசாங்கம் ரூபாவின் விலையை இனிப் பிடித்துவைக்காமல் கயிறவிழ்த்து விட, டொலர் ஒரே பாய்ச்சலில் தொண்ணூறுக்கு வந்தது. தாஹிர் கடை முன்பக்கத்துக்குக் கண்ணாடி போட்டான். இரத்தினசிங்கத்தின் மகன் எங்கோ ஒரு குளிர் தேசத்தில் இறங்கிவிட்டதாகக் கேள்வி. முத்தலிப் இரண்டு அறைக்கு ஓடு போட்டு, மூன்றாவதற்கு வெட்டிய அத்திவாரத்தில் தேங்கிய மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாசியில் ஹாஜியார் நாள் குறிக்க வந்தார். வளவைச் சுற்றி நடந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். இரண்டு அறையையும் அடியளந்தார். அத்திவாரத்தின் ஓரத்தில் வந்து நின்றார். றுக்கியா முந்தானையை வாயில் பிடித்தபடி குசினி வாசலில் நின்றாள்.

"மூண்டு அறை எண்டுதானே கதை?"

"ஓம் ஹாஜியார். தாஹிர்ட கடையில நடந்தது உங்களுக்குத் தெரியுந்தானே. அதுக்குப் பிறகு கையில..."

"தெரியும்" என்றார் ஹாஜியார். அவர் முகத்தில் கோபமில்லை. கிட்ட வந்து, முத்தலிப்பின் தோளில் கை வைத்தார். "அண்டைக்கு நான் உங்களத் தப்பா நினைச்சிட்டன். பிறகு டொலர் தொண்ணூறுக்கு வந்தாப் பிறகுதான் விளங்கிச்சு. முப்பது வருசம் கப்பல் ஏறின ஆள்ட்ட மூவாயிரத்து இருநூறா இருக்கும்? எனக்குக் காட்ட ஒரு கொஞ்சத்த நட்டத்துக்குக் குடுத்துட்டு, பெரிய தொகைய அசைக்காம வச்சிருக்கீங்க."

"ஹாஜியார், அப்பிடி ஒண்டும்..."

"எங்க எண்டு நான் கேக்கல்லயே. இந்த அறைக்கு அவசரப்படாதீங்க. நூறுக்கு வரட்டும். பிறகு மேல் மாடியும் சேத்துக் கட்டலாம். என்ட மகன் குடுத்து வச்சவன்."

முத்தலிப் றுக்கியாவைப் பார்த்தார். றுக்கியா கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இல்லை என்று சத்தியம் பண்ணினால் ஹாஜியார் நம்பமாட்டார். தப்பித் தவறி நம்பிவிட்டால், அதைவிட மோசம்.

"பாப்பம் ஹாஜியார்" என்றார். "வரட்டும்."

பெருநாள் கழிந்து இரண்டாம் வெள்ளி என்று நாள் குறித்தார்கள். ஹாஜியாரைத் துறை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு முத்தலிப் வீட்டுக்கு வந்தபோது, றுக்கியா வாசலில் காத்திருந்தாள்.

"நான் உங்கட பொண்டாட்டி. எனக்கு மட்டும் சொல்லுங்க. மெய்யா ஒண்டும் இல்லதானே?"

"ஒரு சதமும் இல்ல."

அவள் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். சற்று நேரத்தில், உள்ளறையில் அலுமாரியைச் சுவரிலிருந்து இழுக்கிற சத்தம் கேட்டது.